நம்பர் யாரு பேர்ல கீது?

வாடா தம்பி மவனே, இப்படி குந்து. கையில இன்னா அது, கம்பெனிக்காரன் குடுத்த நோட்டீசா? குடு பாக்கலாம். மாசம் இவ்ளோ மிச்சம், அஞ்சு ஜி வேகம், அளவில்லாத பேச்சு. அளவில்லாத பேச்சு உனக்கு எதுக்குடா? உங்கம்மாவுக்குல்ல அது வேணும்.

சரி, கோச்சிக்காத. விசயத்துக்கு வரேன். நெட்வொர்க்க மாத்தணும், ஆனா நம்பர் போயிடுமோன்னு பயம். அதான? பயம் நாயம்தான். ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் ஷிப்டு ஆள் ஏத்திகினு ஓடுற உன் வேனுங்க எல்லாத்துக்கும் பின்னாடி உன் பேரு சின்னதா, நம்பரு பெரிசா எழுதிக்கீது. தென்னேரி டீக்கடைல தொங்குற காலண்டர்ல முருகன் காலுக்குக் கீழ அதே நம்பரு. பில்லு புக்குல, ஜிஎஸ்டில, பாஸ்டேக்ல, கம்பெனி ஹெச்ஆர் அம்மா போன்ல, டயர் கடைக்காரன் கடன் நோட்டுல, எல்லாத்துலயும் அதான். உன் மூஞ்சி தெரியாதவனுக்கும் உன் நம்பர் தெரியும். ஒரு விதத்துல நல்லதுதான்.

எனக்கு இன்னாடா தெரியும், நான் பட்டன் போன்காரன். தோ பாரு, நம்ம ஸ்ரீபெரும்புதூர் நோக்கியால செஞ்சது. 2006ல தொறந்தாங்க, 2014 நவம்பர்ல பூட்டிகினு போயிட்டாங்க. எவ்ளோ பேரு புள்ளைங்க வேல போச்சி. பாக்டரி போயி இத்தன வருசம் ஆவுது, இது இன்னும் அடிக்குது. இப்ப சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஐபோனே செய்யறாங்களாமே. உலகத்துக்கே போன் செஞ்சி அனுப்புற ஊர்ல குந்திகினு நீ சிக்னலுக்காக கேட்டாண்ட நடந்துகினு பேசற.

நம்பர் போவாது. மொதல்ல அந்தப் பயத்த வுடு. ஒரு காலத்துல போயிடும். அப்பல்லாம் நம்பரப் பாத்தே ஜாதகம் சொல்லுவோம். 98400னா மெட்ராஸ்காரன், ஸ்கைசெல்லு, அப்பால ஏர்டெல் ஆச்சி. 98420னா ஏர்செல்லு. 9443னா கவர்மென்ட்டு ஆளு, பொறுமசாலி. கம்பெனிய மாத்துனா நம்பரையும் அங்கியே வுட்டுட்டு வரணும். அதனால எவனும் மாத்த மாட்டான். எவ்ளோ கசந்தாலும் ஒரே கம்பெனியோட குடும்பம் நடத்துவான். அத்தக் கம்பெனிக்காரன் விசுவாசம்னு நெனச்சிகினு இருந்தான்.

சிங்கப்பூர்காரன் 1997லயே நம்பர கையோட எடுத்துகினு போக வுட்டான். நம்ம நாட்டுக்கு வர 2010 நவம்பர் ஆச்சி. அரியானால தொடங்கி, 2011 ஜனவரி 20ல இருந்து எல்லா மாநிலத்துக்கும் வந்துச்சி. அதுவும் அவங்கவங்க வட்டாரத்துக்குள்ளதான். தமிழ்நாட்டு நம்பர பெங்களூர்ல போயி அந்த ஊர் நம்பரா ஓட்டறதுக்கு 2015 ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டியதா போச்சி.

எப்படி நடக்குதுன்னு கேக்கறியா? கேக்க மாட்ட, உனக்கு நடந்தா போதும். இருந்தாலும் சொல்றேன். நம்ம ஊரு பழைய தபால்காரரு இருந்தாரே, நீ தெரு மாறினாலும் கடுதாசி மேல போட்ட விலாசத்தப் பாக்காம பேரப் பாத்து புது வீட்டுக்கே எடுத்துகினு வருவாரு. அந்த மாதிரி நடுவுல ஒரு பேரேடு கீது. எந்த நம்பரு இன்னிக்கு எந்தக் கம்பெனியாண்ட குடியிருக்குதுன்னு அதுல எழுதி வச்சிருப்பாங்க. யாராவது உன்னக் கூப்ட்டா, அவன் கம்பெனி மொதல்ல அந்தக் கணக்கப் பாத்துட்டு அப்பாலதான் அழைப்ப அனுப்பும். அந்தப் பேரேட்ட வச்சிகினு இருக்கறது போன் கம்பெனிங்க இல்ல, அதுக்குன்னே தனியா லைசென்ஸ் வாங்கின ரெண்டு பேரு. வடக்கு மேற்குக்கு ஒருத்தன், தெற்கு கெழக்குக்கு ஒருத்தன். நம்ம கணக்கு ரெண்டாவது ஆளாண்ட.

நீ பண்ண வேண்டியது கொஞ்சம்தான். இங்கிலீசுல போர்ட்டுனு அடிச்சி, ஒரு எடம் வுட்டு, உன் பத்து இலக்க நம்பரப் போட்டு, 1900க்கு மெசேஜ் அனுப்பு. எட்டு எழுத்துல ஒரு குறி வரும். யூபிசின்னு பேரு. நாலு நாளுதான் அதுக்கு ஆயுசு. வந்த கையோட புது கம்பெனி கடைக்குப் போயி, ஆதார் காட்டி, மூஞ்சியக் காட்டி, சிம்ம வாங்கிக்க. நம்ம மாநிலத்துக்குள்ளயே மாத்தறதுன்னா மூணு வேல நாளு. 2019 டிசம்பர்ல வந்த விதி அது. முன்னல்லாம் ஒரு வாரம் இழுப்பாங்க.

மெசேஜ் அனுப்புன ஒடனே ஒரு அதிசயம் நடக்கும் பாரு. இத்தன வருசமா நீ பேசுனா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு அலைக்கழிச்சவன், தானா கூப்புடுவான். “சார், ஏன் சார் போறீங்க, எங்களால இன்னா கொற சார்?” கொரல்ல அப்படி ஒரு தேன் ஒழுவும். ஒனக்கு மட்டும்னு ஒரு சலுக தருவான். உன் கல்யாணத்துல உன் மாமனாரு கூட அவ்ளோ கெஞ்சல. மயங்கிடாத. நெசமாவே நல்ல சலுகயா இருந்தா வாங்கிக்க, அதுல ஒண்ணியும் மானம் போவாது. கடையில எழுதிக் குடுத்து ஒரு நாளுக்குள்ள மனசு மாறினா, கேன்சல்னு அடிச்சி, எடம் வுட்டு நம்பரையும் போட்டு, அதே 1900க்கு அனுப்புனா நின்னுடும். ஒரு நாள் தாண்டினா நிக்காது.

எப்ப மாத்தறதுன்னு யோசிச்சியா? யோசிச்சிருக்க மாட்ட. 2018 பிப்ரவரி நெனப்பு கீதா உனக்கு? ஏர்செல்லு. நம்ம தமிழ்நாட்டுலதான் 1999ல பொறந்துச்சி, தோனி புள்ள மஞ்ச சட்ட நெஞ்சுல எழுதிகினு ஆடுனான். ஊர்ல பாதிப் பேரு அந்த நம்பருதான் வச்சிருந்தான், ஏன்னா மலிவு. அந்த வருசம் ஜனவரி கடேசிலயே குஜராத்து, மகாராஷ்டிரான்னு ஆறு வட்டாரத்துல கடய மூடிட்டாங்க. நம்மாளு இன்னா சொன்னான்? அது வடக்க, நமக்கு இன்னா. டவரு வச்சிருக்கறவனுக்கு துட்டு பாக்கி. அவன் டவர அணைச்சான். பிப்ரவரி மூணாவது வாரத்துல ஒரு நாளு காலைல எழுந்து பாத்தா ஊரு பூரா போன்ல கட்டையே இல்ல. 28ஆம் தேதி கம்பெனி திவால் மனு போட்டுச்சி.

இப்ப வேடிக்கயப் பாரு. நம்பரக் காப்பாத்த ஒரே வழி வேற கம்பெனிக்கு மாத்தறது. மாத்தறதுக்கு 1900க்கு மெசேஜ் போவணும். மெசேஜ் போவறதுக்கு சிக்னல் வேணும். சிக்னல் இருந்தா ஏன்டா மாத்தப் போறான்? கெணத்துல விழுந்தவன மேல வந்து கயிறு வாங்கிகினு போன்னு சொன்ன கத. கட வாசல்ல போலீஸ் நின்னு கூட்டத்த ஒதுக்குச்சி. ரோட்டோரம் எங்கனா ஒரு கட்ட சிக்னல் வருதுன்னு கேள்விப்பட்டா அங்க நூறு பேரு கையத் தூக்கிகினு நிப்பான். தூரத்துல பாத்தா சாமி வந்துடுச்சின்னு நெனப்ப. அப்பால போன் கம்பெனிங்கள மேய்க்கற ட்ராய் ஆணையம் தலையிட்டு, ஏப்ரல் 15 வரைக்கும் குறி குடுத்தே ஆவணும்னு உத்தரவு போட்டுச்சி. அதுக்குள்ள எத்தன யாவாரம் படுத்துச்சின்னு யாரு கணக்கு வச்சா? நம்பரு மாறிப் போச்சின்னு எல்லாருக்கும் சொல்லணும்னா அவங்க நம்பரு எல்லாம் செத்துப் போன சிம்முலல்ல இருந்துச்சி.

அப்ப தப்பிச்சவன் யாரு தெரியுமா? ஜனவரிலயே மூக்குல வேர்த்து மாத்துனவன். அவன ஊரே சிரிச்சிது, அவசரக் குடுக்கன்னு.

நீ மாத்தலன்னாலும் கம்பெனிங்க மாறிகினுதான் இருக்கும். ரிலையன்சு கம்யூனிகேசன் பேச்சு சேவைய நிறுத்துச்சி, வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட்டுல ஒண்ணா சேந்துச்சி, டாடா டோகோமோ ஏர்டெல்லுல கலந்துச்சி. 2024 ஜூலைல பெரிய தனியாரு மூணு பேரும் ஒண்ணா வெல ஏத்துனப்ப, லட்சக்கணக்குல சனம் பிஎஸ்என்எல் பக்கம் சாஞ்சிது. அதனால போறது தப்பு இல்ல. நாள் பாத்து போ. மாசக் கடேசில போவாத. கம்பெனி பில்லு பாஸ் ஆவுற நேரம், ஓடிபி வந்துகினே இருக்கும். ஆயுத பூஜ வாரத்துல போவாத. லைன் மாறுற அன்னிக்கு ராத்திரி கொஞ்ச நேரம் போனு செத்துக் கெடக்கும். அது உன் மூணாம் ஷிப்டு நேரமா இருந்தா, ஒரகடத்துல டிரைவரு ஒருத்தன், வாலாஜாபாத்ல இருபது பொண்ணுங்க, நடுவுல நீ. அன்னிக்கு ஒரு நாளைக்கு டிரைவருங்க எல்லாருக்கும் உன் பொண்டாட்டி நம்பரக் குடு. வேல ஒழுங்கா நடக்கும், யாரு கண்டா, அப்பாலயும் அவளே பாத்துக்கட்டும்னு கேட்டாலும் கேப்பாங்க.

பழைய சிம்முல கெடக்கற பாக்கித் துட்டு கூட வராது, தின்னு தீத்துட்டு போ. போன வாரந்தான் வருசத்துக்கும் ரீசார்ஜ் பண்ணியா? அப்ப நீ இன்னும் ஒரு வருசம் விசுவாசமா இருக்கறதுதான் லாபம். போஸ்ட்பெய்டா இருந்தா பில்ல மொதல்ல கட்டு. கட்டாம போனா குறியே வராது, ஏமாத்திப் போயிட்டாலும் புது கம்பெனில லைன அறுத்து வுடுவாங்க. வாங்கி தொண்ணூறு நாளு ஆவாத நம்பர மாத்த முடியாது. ஒரு தடவ மாத்துனா மறுபடி மாத்தவும் தொண்ணூறு நாளு. சிம்மு ஒடைஞ்சி போச்சி, தொலைஞ்சி போச்சின்னு புதுசு வாங்கினியா? ஏழு நாளு பொறுக்கணும். 2024 ஜூலை 1ல இருந்து அந்த விதி. எதுக்குன்னா, திருடன் ஒருத்தன் உன் பேர்ல டூப்ளிகேட் சிம்மு வாங்கி, அதே வேகத்துல நம்பர வேற கம்பெனிக்கு இட்டுகினு போயி, உன் பேங்க்க தொடச்சிட்டு போயிடறான். போனுல எவனாவது “சார் நான் கம்பெனில இருந்து பேசறேன், அந்த எட்டு எழுத்து சொல்லுங்க”ன்னா வாயத் தொறக்காத. அந்த எட்டு எழுத்துதான் உன் யாவாரத்துக்குச் சாவி. கடையில நேர்ல குந்தினு குடு.

வாட்ஸப்பு ஒண்ணியும் ஆவாது, நம்பரு அதேதான. ஜிபே, போன்பே மட்டும் சிம்மு மாறினதப் பாத்துட்டு நீ யாருன்னு கேக்கும். திரும்ப ஒரு தபா சரி பாத்துக் குடு. அது கேக்கறது நாயம், நானே சில நாளு உன்னப் பாத்து கேக்கறேன்.

ஆபீசுல வச்சிருக்கியே, மேசமேல தூசி புடிச்ச லேண்ட்லைனு, 044ல ஆரம்பிக்கறது. அத்த இந்த மாதிரி எடுத்துகினு போவ முடியாது. நம்ம நாட்டுல அந்த வசதி செல்லுக்கு மட்டும்தான். அதனால அடுத்த தபா வேனுக்கு பெயின்ட் அடிக்கும்போது பின்னாடி செல் நம்பர மட்டும் போடு.

இப்ப நான் கேக்க வந்தத கேக்கறேன். நெட்வொர்க்கு எதுன்னு கேக்கல. நம்பரு யாரு பேர்ல கீது?

உன் பேர்லயா? பாத்தியா? பாக்கல. அப்படியா. சரி.

இந்தப் பக்கத்துலதான் ஒருத்தரு, பேரு வேணாம், பாக்டரி கேன்டீனுக்கு சாப்பாடு அனுப்பிகினு இருந்தாரு. நல்ல கை. ஆர்டரு எடுக்கறது, டெலிவரி, எல்லாம் ஒரே நம்பருல. அந்தச் சிம்ம வாங்குன அன்னிக்கு அவரு ஆதாரு கையில இல்ல, சூப்பர்வைசர் பையன் பேர்ல வாங்கிட்டாரு. பையனும் தங்கமான பையன், அண்ணே அண்ணேன்னுவான். சம்பளத் தகராறுல ஒரு நாளு கெளம்பிட்டான். நம்பரையும் இட்டுகினு போயிட்டான். சட்டப்படி அவன் நம்பரு. ஒரு மெசேஜ், ஒரு புது சிம்மு, முடிஞ்சிது. அடுத்த வாரம் இவரு வாடிக்க எல்லாம் கூப்ட்டா அவன் எடுக்கறான், “வணக்கம், எத்தன சாப்பாடு?” இவரு அழுதுகினு ஸ்டேசனுக்குப் போனா, அங்க கேட்ட மொதக் கேள்வி, சிம்மு யாரு பேர்ல?

இன்னொண்ணு. உங்கம்மா பேர்ல எத்தன சிம்மு கீது? சிரிக்காத. டிரைவருக்கு ஒண்ணு, கிளீனருக்கு ஒண்ணு, ஜிபிஎஸ் டப்பாக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் அந்த அம்மா ஆதாரத்தான நீட்டிகினு இருந்த? ஒரு ஆளு பேர்ல ஒம்போதுதான் இருக்கலாம். மேல போனா 2023 டெலிகாம் சட்டத்துல மொத தபா அம்பதாயிரம் வரைக்கும் அபராதம். அபராதத்த வுடு. உன் கிளீனரு அந்தச் சிம்முல எவளுக்காவது கண்டபடி மெசேஜ் அனுப்புனான்னா, போலீசு வந்து நிக்கப் போறது உங்கம்மா வாசல்ல. மெசேஜ் அனுப்பவே தெரியாத பொம்பள அது. சஞ்சார் சாத்தின்னு கவர்மென்ட்டு இணையதளம் கீது, அதுல நம்பரப் போட்டா அந்த ஆளு பேர்ல ஓடற சிம்மு எல்லாம் வரிசயா காட்டும். உக்காந்து பாரு. ஜாதகத்துல இல்லாத சொந்தமெல்லாம் அதுல வரும்.

யாவாரத்துக்கு சரியான வழி, கம்பெனி பேர்லயே வாங்கறது. 2023 டிசம்பர்ல இருந்து மொத்த சிம்முங்கற பழைய கூத்த நிறுத்திட்டாங்க. சிம்மு உன் கம்பெனி பேர்ல, ஆனா யாரு கையில ஓடுதோ அவன் ஆதாரையும் பதியணும். அவன் வேலய வுட்டுப் போனா ஆள மட்டும் மாத்தற, நம்பரு உன்னாண்டயே நிக்கும். அந்த மாதிரி கம்பெனி நம்பருங்கள நெட்வொர்க் மாத்தணும்னா ஒரு அனுமதிக் கடுதாசில நூறு நம்பர் வரைக்கும் ஒண்ணா மாத்தலாம், அஞ்சு வேல நாளு ஆவும். உனக்கு எதுக்கு நூறு? ஆசப்படறது உன் இஷ்டம்.

பேரு மாத்தறதுன்னா நெட்வொர்க்கு மாத்தறதுக்கு முன்ன மாத்து. பேரு மாத்தம் பாதில நிக்கும்போது குறி குடுக்க மாட்டாங்க. செத்துப் போனவங்க பேர்ல இருந்தா இறப்புச் சான்றிதழ், வாரிசு காயிதம் எல்லாம் கேப்பாங்க. உசுரோட இருக்கும்போதே கையெழுத்து வாங்கிடறது சுலபம். இத்த ஞாபகத்துல வச்சிக்க.

அப்பால இந்த ரெண்டாவது நம்பரு ஒண்ணு வச்சிருக்கியே, பழைய விசிட்டிங் கார்டுல போட்டது, இப்ப டிராயர்ல தூங்குது. ரீசார்ஜே பண்றது இல்ல. தொண்ணூறு நாளு ஒரு அழைப்பு கூட இல்லாம, இருபது ரூவா கூட இல்லாம கெடந்தா கம்பெனிக்காரன் அறுத்துடுவான். அப்பறம் குறஞ்சது தொண்ணூறு நாளு கழிச்சி அத்த வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. செய்யாறு பக்கம் புதுசா கல்யாணம் ஆன புள்ள ஒண்ணு வாங்கும்னு வையி. விடியக்காலம் நாலு மணிக்கு உன் பழைய வாடிக்க அதுக்குப் போன் போட்டு, “வண்டி இன்னும் வரல, எங்க கீற?”ன்னு கத்துவான். பக்கத்துல புது மாப்ள படுத்துகினு கேட்டுகினு இருப்பான். பாவம்டா, அந்தக் குடும்பத்துக்காகவாவது ஒரு சின்ன ரீசார்ஜ் போட்டு வையி.

எங்க எழுந்திரிக்கற? குந்து. கடைக்குத்தான? அந்த வேன் பின்னாடி எழுதிக்கீதே, பெரிய நம்பரு, அது வாங்குன நாளு ஞாபகம் கீதா? நீ பிளஸ் டூ. பதினெட்டு முடியல. உங்கப்பன் அப்ப திருப்பூர்ல. “பெரிப்பா, சிம்மு வேணும், சும்மா ஒரு கையெழுத்து”ன்னு பஸ் ஸ்டாண்டு கடைக்கு இஸ்துகினு போன. ரேசன் கார்டு ஜெராக்சு என்னுது, போட்டோ என்னுது. அந்த போட்டோல எனக்கு மீச கருப்பா கீது, நீ பாத்ததில்ல. அன்னிக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கல. உன் பேர்லதான் கீதுன்னு சொன்ன பாரு கொஞ்ச நேரம் முன்ன, அப்ப நான் ஒண்ணியும் சொல்லல, ஏன்னா நீ எவ்ளோ அழகா சொன்னன்னு ரசிச்சிகினு இருந்தேன்.

மூஞ்சி ஏன்டா இப்படி ஆவுது? நான் இன்னா நம்பர எடுத்துகினு வேன் உட்டு ஓட்டப் போறனா? கண்ணு தெரியல, இல்லன்னா யோசிச்சிருப்பேன். பேரு மாத்திக் குடுக்கறேன், கையெழுத்து போடறேன், ஆதாரும் தரேன். மெதுவா பேசிக்கலாம். இந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போவணும்னு உங்க பெரிம்மா மாசக்கணக்கா சொல்லிகினு கீறா. ஏசி வேனு. முன் சீட்டு எனக்கு. டீசலு உன்து. போற வழியில செஞ்சி கோட்டையாண்ட நிறுத்தணும், அங்க ஒரு ஓட்டல்ல சாப்பாடு நல்லா இருக்கும்னு கேள்வி.

வந்த மறுநாளு கடைக்கு ஒண்ணா போலாம். அதுவரைக்கும் நாள் தவறாம ரீசார்ஜ் பண்ணிகினே இரு. என் சிம்மு அது, பாத்து வச்சிக்க.